அத்தையை ரூமில் விட்டுவிடாமல் அருவிக்குப் போவது எப்படி?

சென்னையிலிருந்து நான்கு நாள், ஆகஸ்ட்டில் சுதந்திர தின விடுமுறையை ஒட்டி, ஐந்து பேர்: நீங்கள், கணவர், 13 வயது மகள், 6 வயது மகன், முட்டித் தேய்மானம் உள்ள 67 வயது மாமியார். மலையில் கொஞ்சம் நடக்க வேண்டும், அருவியில் குளிக்க வேண்டும், கொல்லிமலையா குற்றாலமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: “அத்தை ரூமிலேயே இருந்துகொள்வதாகச் சொல்கிறார்.” எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. எந்த அருவி அழகு என்று தேடினால் படங்களே பதில் சொல்லிவிடும். அத்தையையும் கூட்டிப்போக முடிகிற இடம் எது, அப்படிப் போனால் மகளுக்குச் சப்பென்று ஆகிவிடாதா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் நாமக்கல் பக்கத்து ஆள். இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் மலைக்கு அழைத்துப் போய் வருகிறேன். முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறேன், மருத்துவன் இல்லை. அதனால் முட்டியைப் பற்றி நான் சொல்வதை மலையில் பார்த்தவனின் பேச்சாக எடுத்துக்கொண்டு, அத்தையின் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்றாலம். ஆனால் நீங்கள் சொல்லும் தேதியில் வேண்டாம்.

கொல்லிமலை எங்கள் ஊர் மலை, அதை விட்டுக்கொடுத்துப் பேச எனக்கே மனசில்லை. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேடு தாண்டி அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் வண்டி போகும். அங்கிருந்துதான் ஆகாய கங்கைக்குப் படிகள். அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஒரு பாறைக் குடைவுக்குள் விழுகிறது. கீழே நின்று பார்த்தால் மூன்று பக்கமும் மலைச்சுவர், நடுவில் தண்ணீர்ப் புகை. தமிழ்நாட்டில் எனக்கு இதைவிடப் பிடித்த அருவி கிடையாது. ஆனால் படிகள் ஆயிரத்துக்கும் மேல், பல இடங்களில் செங்குத்து, ஆகஸ்ட் மழையில் பாசி வேறு. மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். ஆகாய கங்கையில் முதலில் இறக்கம். உடம்பு சுறுசுறுப்பாக இருக்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கிவிடுகிறோம், குளித்து, பசித்து, கால் சோர்ந்த பிறகுதான் ஏற்றம் வருகிறது. பாதியில் மனம் மாற வழியே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது என் பெரியம்மாவை வைத்து. அப்போது அவருக்கு 63 வயது, தோட்ட வேலை செய்து உரமேறிய கால். “கொஞ்சம் படி இருக்கு பெரியம்மா” என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். இறங்கும்போதே கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டார். முட்டி வலிக்கிறவர்கள் எல்லோரும் தானாகவே செய்கிற காரியம் அது. அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. அருவியில் நன்றாகத்தான் குளித்தார். ஏறும்போது முதலில் ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார், அப்புறம் இருபதுக்கு, கடைசியில் எட்டுக்கு. உட்கார்ந்திருக்கும்போதும் வலது தொடை தன்னால் நடுங்கிக்கொண்டிருந்தது, அதன்மேல் ஈரத்துண்டை வைத்து அழுத்திக்கொண்டார். மேலே வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது, இருட்டிவிட்டது. கோயில் பக்கத்துக் கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். திட்டவில்லை. “ஏங்கண்ணு, இறங்கறதுக்கு முன்னாலயே இத்தனை படின்னு ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்ல?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து யாரை அழைத்துப் போனாலும் படிக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏறுவதுதான் முட்டிக்குக் கஷ்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூச்சுக்கும் இதயத்துக்கும் ஏற்றம் கஷ்டம்தான், முட்டிக்கு இறக்கம்தான் எதிரி. படி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான சுமை முட்டி மூட்டில் இறங்குகிறது. 65 கிலோ எடை உள்ளவருக்கு ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 200 கிலோ, அதை ஆயிரம் தடவை. தேய்ந்த மூட்டுக்கு இது விளையாட்டில்லை. ஆகவே அத்தையோடு ஆகாய கங்கை வேண்டாம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். அதே அய்யாறுதான் மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில், திருச்சி மாவட்டப் புளியஞ்சோலையில், பாறைகளுக்கு நடுவே ஓடையாக ஓடுகிறது. படி கிடையாது, காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். கொல்லிமலை ஆசை விடவே இல்லை என்றால் வேறொரு சமயம் நீங்கள் நால்வரும் மேலே போங்கள், அத்தையோடு புளியஞ்சோலைக்குப் போங்கள்.

அடுத்து பருவம். அருவி எங்கே விழுகிறது என்பதைவிட அதற்கு மழை எங்கே பெய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால், தருமபுரியில் வெயில் கொளுத்தும்போதே காவிரி பொங்கி வரும், குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். குடும்பத்தோடு அங்கே போய்க் கரையிலிருந்து பார்த்துவிட்டு மீன் வறுவல் மட்டும் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். குற்றாலத்தின் கதை வேறு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பெய்ய, மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்துவிடுவதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலை கொஞ்சம் தாழ்ந்து ஒரு வாசல் மாதிரி இருக்கிறது. அதன் வழியாகக் காற்று ஈரத்தோடு நுழைகிறது. பெரிய மழையாகப் பெய்யாது, முகத்தில் பூ மாதிரி தூவும். அதைத்தான் சாரல் என்கிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் என்பது இதனால்தான். நீங்கள் கேட்கும் மாதம் இந்த ஊருக்குப் பொருத்தமான மாதம். குறிப்பிட்ட நாளில் தண்ணீர் எப்படி விழும் என்று மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, சீசனிலும் பத்து நாள் வெயில் அடித்தால் நூலாகிவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் தங்கப்போகும் விடுதிக்குப் போன் போட்டு, “தண்ணி எப்படி விழுது?” என்று கேளுங்கள். அந்த ஊரில் எல்லோரும் பதில் தயாராக வைத்திருக்கும் கேள்வி அது.

அத்தைக்குக் குற்றாலம் ஏன் ஒத்துவரும் என்றால், அருவிக்குப் பக்கத்திலேயே சாலை வந்துவிடுகிறது. பேரருவிக்கு முன்னால் குற்றாலநாதர் கோயில் இருக்கிறது, குளிக்காவிட்டாலும் அங்கே உட்கார்ந்து சாரலை வாங்கிக்கொள்ளலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் பக்கத்திலேயேதான், சுவர் முழுக்க ஓவியம், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பேரருவியில் தண்ணீர் மேலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் தண்ணீரின் கீழே நாம் நின்று குளிக்க முடிவது அந்தப் பள்ளத்தின் புண்ணியம். பெண்களுக்குத் தனி இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் உண்டு. இருந்தாலும் அத்தைக்கு நான் ஐந்தருவியையோ புலியருவியையோதான் சொல்வேன். புலியருவி சின்னது, உங்கள் மகனுக்கும் அதுவே சரி. காலை ஐந்தரை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, யாரும் முழங்கையால் இடிக்க மாட்டார்கள். தண்ணீர் சில்லென்று இருக்கும், ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் திடுமென்று தலையைக் கொடுக்காமல் முதலில் கால், அப்புறம் கை, தோள் என்று நனைக்கச் சொல்லுங்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் அருவியில் தடை இருக்கிறது, அத்தை சீயக்காய்ப் பொட்டலம் எடுத்து வைத்தால் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதில் அர்த்தமில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். சீசன்கூட ஆரம்பிக்கவில்லை, கோடை மழைதான். நாம் நிற்கும் இடத்தில் மழை இருக்க வேண்டியதில்லை. மேலே செங்குத்தான பாறை மலை, பெய்த தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் கிடையாது, நிமிடக் கணக்கில் கீழே வந்துவிடும். வருவதற்கு முன் அறிகுறி உண்டு. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். சருகும் குச்சியும் மிதந்து வரும். அருவியின் சத்தம் கனமாகும், அதுவரை கத்தாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் கத்திப் பேச ஆரம்பிப்பார்கள். இதில் ஒன்றைப் பார்த்தாலும் துண்டு, செருப்பு எதையும் தேடாமல் கரையேறிவிட வேண்டும், அதுவும் ஓடையோடு கீழே போகாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு. அறிகுறி இல்லாமலும் வெள்ளம் வந்திருக்கிறது, அதனால் இதை மட்டுமே நம்பவும் கூடாது. பேரருவிக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள், ஊரில் ஆர்ச் என்பார்கள். ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. காவலர் விசில் ஊதும்போது “ரெண்டு நிமிஷம் சார்” என்று கெஞ்சும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன், உங்கள் கணவர் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகனைப் பிடிக்கும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஈரத்தில் விரல் வழுக்கிவிடும்.

இனி மகளுக்கான நடை. செண்பகாதேவி அருவி பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது, அதற்கும் மேலே தேனருவி. யூடியூபில் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவள் கேட்கலாம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தார்கள். அந்தந்த மலையில் வாழும் பழங்குடி, உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். நான் பார்த்தவரை அவர்களுக்குத் தெரிந்த காடு எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் பத்து வருடம் போனாலும் தெரியாது. நீங்கள் போகும் வாரத்தில் தென்காசிப் பக்கம் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அதில் பார்த்து, எளிது என்று குறித்ததை மகளும் அப்பாவும் பதிவு செய்யட்டும். அன்று காலை நீங்கள், மகன், அத்தை மூவரும் ஐந்தருவிக்கு மேலே இருக்கும் சுற்றுச்சூழல் பூங்காவில் மெதுவாக நடக்கலாம், நடக்க முடிந்த வரைக்கும். திரும்பும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகு இருக்கிறது.

நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஒரு பழைய வழி உண்டு. நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 4 கிலோமீட்டர் பாதையில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் ஒன்றே கால் மணி நேரம். அது திடகாத்திரமான ஆளுக்கு. பிள்ளைகளோடு போகும்போது நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன், ஆறு வயதுப் பிள்ளை வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து நின்றால் அதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது.

ஒரு நாளைக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒதுக்குங்கள். அத்தைக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப் போவது இதுதான் என்பது என் ஊகம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் மலை ரயில் பாதை 1904இல் போட்டது, மீட்டர் கேஜாக இருந்து 2018இல் அகலப் பாதையாக முழுதும் திறந்தது. குகைக்குள் புகுந்து வெளியே வந்தால் பள்ளத்தாக்கு, மறுபடி குகை. படி ஏறாமல், முட்டி மடக்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவிடலாம். பகல் வண்டியாகப் பார்த்து அத்தையும் பிள்ளைகளும் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள், கணவர் வாடகைக் காரில் புளியரை வழியாக வந்து வண்டி நிற்கும் நிலையத்தில் அழைத்துக்கொள்ளட்டும். கழுதுருட்டி அருகே 13 கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கிறது, அதை ரயிலில் இருந்து பார்ப்பதைவிடத் திரும்பும்போது கீழே இறங்கிப் பார்ப்பது நல்லது. ஆரியங்காவு பக்கத்தில் பாலருவி, சுமார் 300 அடி. சாலையிலிருந்து காட்டுக்குள் கேரள வனத்துறையின் வண்டியிலேயே அழைத்துப் போய் விடுகிறார்கள், கடைசியில் கொஞ்ச தூரம்தான் நடை. மழை கனத்தால் மூடிவிடுவார்கள், அப்போது தென்மலைக்குப் போய் அணையைப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த நாளும் வீணாகாது.

பாலருவிப் பக்கம் மழை நாளில் அட்டை இருக்கும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், திடீரென்று பார்த்தால் அலறிவிடுவார்கள். கடித்ததைப் பிய்க்காதீர்கள், உப்போ நெருப்போ வைக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். நகத்தைத் தோலோடு சேர்த்து வைத்து வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ரப்பர்ச் செருப்பு ஈரப் பாறையில் எமன், எல்லோருக்கும் பின்பக்க வார் வைத்த சாண்டல் வாங்குங்கள். அத்தைக்கு ஒரு ஊன்றுகோல், முட்டி நல்லாயிருக்கிற பக்கத்துக் கையில். கையில் தின்பண்டத்தோடு நடந்தால் குரங்கு பிடுங்கும், அதிலும் சின்னப் பிள்ளை கையாகப் பார்த்துத்தான். தனியார் தோட்டத்துக்குள் அருவி இருக்கிறது, ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கும் விடுதிகளை மூட 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், வெள்ளம் வந்தால் அங்கே விசில் ஊத ஆள் கிடையாது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு ராத்திரி பிரானூர் பார்டர் புரோட்டா, சீசன் முடியாமல் இருந்தால் சாலையோரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும்.

இப்போது தேதி. சுதந்திர தினத்தை ஒட்டிய நாள்களில் குற்றாலத்தில் அருவியைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஆடி அமாவாசையும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு நான்கு நாள் லீவு சொல்ல முடியுமானால் ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் முதல் வியாழன் வரை இருந்துவிட்டு வியாழன் இரவு ஏறிவிடுங்கள். கூட்டமும் பாதி, அறை வாடகையும் குறையும். முடியவே முடியாது என்றால் ஜூலைக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறோடு இரண்டு நாளைச் சேர்த்துப் பாருங்கள், அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துவிட்டு. அறையைத் தரைத்தளத்தில் கேளுங்கள், மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். முட்டி வலிக்காரருக்கு அருவியைவிட அது முக்கியம், கூச்சத்தில் அவரே கேட்க மாட்டார். எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இரவு வண்டி, தென்காசியில் இறங்கினால் குற்றாலம் பக்கம்தான். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, சீசனில் காலையிலேயே தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது அத்தையின் வயதைச் சரியாகப் போட்டு, கீழ்ப் படுக்கை என்று குறித்துவிடுங்கள்.